மான்டரேக்கு டைவ் போகும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வார இறுதி டைவுக்கு ஆள் சேர்க்கும் தமிழ் நண்பர்களே,

வணக்கம். அந்தமானின் ஹேவ்லாக்கிலும் புதுச்சேரியிலும் ஹவாயிலும் ஸ்கூபா கற்றுச் சான்றிதழோடு வந்தவர்களைத் தேடிப்பிடித்து, சனிக்கிழமை விடியலில் மான்டரேக்கு அழைத்துப் போகிறீர்கள். கடலோரத்தில் பிறந்தும் கடலுக்குள் எட்டிப் பார்க்காமலே வளர்ந்தவர்கள் நம்மில் ஏராளம். அவர்கள் இன்று கெல்ப் என்னும் உயரமான கடற்பாசிக் காட்டுக்குள் இறங்குவதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் உங்கள் அழைப்புகளில் ஒரு விஷயம் மட்டும் இருப்பதில்லை. எத்தனை மணிக்குச் சேர வேண்டும், யார் காரில் யார், டேங்க் எங்கே எடுப்பது, மதியச் சாப்பாடு எங்கே என்பதெல்லாம் இருக்கும். கடல் சரியில்லாவிட்டால் டைவை யார் நிறுத்துவது என்பது இருக்காது. அதைச் சேர்க்கச் சொல்லித்தான் இந்த மடல்.

மான்டரேயில் தண்ணீர் பெரும்பாலும் 10 முதல் 14 டிகிரி செல்சியஸ். அந்தமானில் 28, 29. ஏப்ரல், மே மாத வெயிலைப் பார்த்து ஏமாற வேண்டாம். அப்போது அடிக்கும் வடமேற்குக் காற்றில் மேல்நீர் கரையை விட்டு விலக, ஆழத்திலிருக்கும் குளிர்ந்த நீர் அந்த இடத்துக்கு ஏறிவருகிறது. அதிலுள்ள சத்தில் மிதவை உயிர்கள் பெருகிக் கடல் பச்சையாகிவிடும். சில நாட்களில் இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் உடன் வருபவர் காலில் மாட்டிய ஃபின்கூடத் தெரியாது. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை பொதுவாகத் தெளிவு கூடும். முதல் முறை வருபவர்களை அந்த மாதங்களில் அழைத்து வாருங்கள்.

7 மில்லிமீட்டர் வெட்சூட்டும் ஹூடும் கையுறையும் போட்டால் குளிர் தாங்கும். ஆனால் அந்தத் தடிப்பை மூழ்கடிக்க, அந்தமானில் கட்டியதைவிடப் பல கிலோ அதிகமாக எடை கட்ட வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் இரண்டு மடங்கு. சூட்டிலுள்ள காற்றுக் குமிழ்கள் நசுங்கி, சூட் மிதக்கவைப்பது குறையும், கதகதப்பும் குறையும். எடையோ அப்படியே இருக்கும். இதற்குப் பழகாத ஒருவர் தரையில் போய் இடித்துக்கொள்வார், அல்லது பதறிப்போய் மிதவை ஜாக்கெட்டில் காற்றை ஏற்றி மேலே பறப்பார். சான்றிதழ் அட்டையில் காலாவதித் தேதி கிடையாதுதான். ஆனாலும் வெதுவெதுப்பான நீரில் வாங்கிய அட்டையை வைத்துக்கொண்டு இந்தக் கடலில் நேராக இறங்குவது சரியல்ல. இந்தக் கடலை அறிந்த பயிற்சியாளர் ஒருவரோடு இறங்கிப் பழகிய பிறகு குழுவோடு வரட்டும்.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் பேச வேண்டும். நாற்பதைத் தாண்டிய, ரத்த அழுத்த மாத்திரை போடும் ஆட்கள் நம் குழுக்களில் நிறைய. குளிர் நீரில் கைகால் ரத்தக்குழாய்கள் சுருங்கி, ரத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படுகிறது. சிலருக்கு அதனால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். நன்றாக நீந்துபவருக்கும் வரும். உயர் ரத்த அழுத்தம் இருந்தால் வாய்ப்பு அதிகம். தண்ணீரில் இருமலும் காரணமில்லாத மூச்சுத்திணறலும் வந்தால் ‘கொஞ்சம் பொறு, சரியாகிவிடும்’ என்று சொல்லாதீர்கள். அந்த நிமிடமே டைவை முடித்து, கரையேற்றி, 911-ஐ அழையுங்கள்.

இப்போது மொனாஸ்ட்ரி கடற்கரை. நெடுஞ்சாலை 1-ஐ ஒட்டி, கார்மலுக்குச் சற்றுத் தெற்கே, படம் எடுக்கத் தூண்டும் அழகான வளைவு. கார்மல் கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகிலேயே தொடங்குவதால், பெரிய அலை வழியில் பலம் குறையாமல் வந்து கரை மேலேயே உடைகிறது. மணல் பருமணல், சரிவு செங்குத்து. கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும். திரும்பும் நீர் காலடி மணலை உருவிக்கொண்டு போகும். டைவர்கள் மட்டுமல்ல, கரையோரம் நின்றவர்களும் இங்கே இழுத்துச் செல்லப்பட்டு இறந்திருக்கிறார்கள். வெளியே வரும்போது மாஸ்க்கைக் கழற்றாமல், மூச்சுவிடும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்காமல், எழுந்து நிற்க முயலாமல், அலை எட்டாத உயரம் வரை நான்கு காலில் தவழ்ந்துதான் ஏற வேண்டும். நீச்சல்குளத்தில் படித்த எந்தப் பாடத்திலும் இது இல்லை. புதியவர்களை அங்கே அழைத்துப் போகாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

அலை அறிக்கையில் உயரத்தை மட்டும் பார்ப்பதும் ஆபத்து. ஒரே 1.5 மீட்டர் அலை, 8 விநாடிக்கு ஒன்று வருவதற்கும் 16 விநாடிக்கு ஒன்று வருவதற்கும் பெரிய வித்தியாசம். பின்னது சுமந்து வரும் ஆற்றல் இரண்டு மடங்கு. ஆழத்திலும் உங்களை முன்னும் பின்னும் தூக்கி வீசுவது அதுதான். இந்த அலைகள் பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள புயலில் பிறந்தவை. வருகிற நாளில் இங்கே காற்றே இல்லாமலும் இருக்கலாம். நம் ஊரில் இதைத்தான் கள்ளக்கடல் என்கிறோம். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கொண்டுபோனது, எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த அப்படியொரு கடல்தான். இங்கே கடலில் அலையை அளக்கும் கேப்ரில்லோ பாயின்ட், பாயின்ட் சுர் மிதவைகளின் அளவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முந்தின இரவே பாருங்கள். காலையில் சூட் போடும் முன் இருபது நிமிடம் கரையில் நின்று கடலைப் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக, நீண்ட இடைவெளி விட்டு வரும். ஐந்து நிமிடம் பார்த்து ‘அமைதியாத்தான் இருக்கு’ என்று முடிவு கட்ட முடியாது.

புதியவர்களுக்கு சான் கார்லோஸ் கடற்கரை போதும். பிரேக்வாட்டர் என்னும் அலைதடுப்புச் சுவர் தடுப்பதால் அலை அடங்கியிருக்கும். பாறைச் சுவரை ஒட்டியே கெல்ப், கடல்சிங்கங்கள். கொஞ்சம் தள்ளிப்போனால், சுமார் 15 மீட்டரில், முழங்கால் உயர வெள்ளைக் கடல் சாமந்திகள் கூட்டமாக நிற்கும் இடம். அங்கும் ஒரு பழக்கம் வேண்டும்: கெல்ப் மேற்பரப்பில் விரிந்திருக்கும்போது அதற்கு அடியில் நீந்தித் திரும்பும் அளவுக்குக் காற்றை மிச்சம் வைக்க வேண்டும். கொடியில் மாட்டிக்கொண்டால் உருண்டு புரளக் கூடாது. நின்று, ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். கைதேறியவர்கள் பிறகு பாயின்ட் லோபோஸ் போகலாம், முன்பதிவு கட்டாயம்.

சான் ஹோசேயிலிருந்து 120 கிலோமீட்டர் ஓட்டி வந்தாயிற்று, வாடகையும் கொடுத்தாயிற்று, பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். இந்த நிலையில் ‘எனக்குச் சரியாகப் படவில்லை’ என்று சொல்ல நம்மவர்களுக்கு வாய் வராது, அதிலும் குழுவை நடத்துபவர் வயதில் மூத்த அண்ணாவாக இருந்துவிட்டால். ஆகவே நீங்களே முந்திக்கொண்டு அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்: குழுவில் யார் வேண்டாம் என்றாலும் அவரும் அவரோடு இறங்கும் டைவ் ஜோடியும் இறங்க வேண்டியதில்லை, காரணம் கேட்கப்படாது, கேலி கிடையாது, வாடகைப் பணத்தை எல்லோரும் பங்கிட்டுக்கொள்வோம். அலையைப் பார்க்கும் பொறுப்பை ஒருவர் பெயர் போட்டு ஒப்படையுங்கள். அவர் நிறுத்தச் சொன்னால் மொத்தக் குழுவும் நிற்க வேண்டும். ரத்தான நாளில் கேனரி ரோவிலேயே மான்டரே மீன்காட்சியகம் இருக்கிறது. 8.5 மீட்டர் உயரத் தொட்டியில் அதே கெல்ப் காடு.

அக்டோபரில் குழு வரும்போது சொல்லுங்கள். அலை பார்க்க நான் முன்னதாகவே பிரேக்வாட்டருக்கு வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
சான் ஹோசேயிலிருந்து உங்களைப் போல மான்டரே வரும் ஒரு டைவர்