குங்ஸ்லேடன் போகலாம் வா

அன்பு மாப்ள,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சரி, நீ கேட்ட ஸ்வீடன் நடைக்கு வருகிறேன்.

ஸ்வீடனின் வடக்கே மலைவழியாகப் போகும் நெடுநடைப் பாதைதான் குங்ஸ்லேடன். முழுப் பாதை அபிஸ்கோவிலிருந்து ஹேமாவான் வரை சுமார் 440 கிலோமீட்டர். அவ்வளவும் வேண்டாம். நான் போன வடக்குப் பகுதியே போதும்; அங்கேதான் ஒரு நாள் நடைக்கு ஒரு குடில் என்று வரிசையாக இருக்கிறது. தெற்கே க்விக்யொக் என்ற ஊரைத் தாண்டினால் அந்த வரிசை அறுந்துவிடும், கூடாரம் சுமக்க வேண்டும்.

குடில்களை நடத்துவது 1885இல் தொடங்கிய ஸ்வீடன் சுற்றுலாச் சங்கம். கரண்ட் இல்லை, குழாய் இல்லை. ஓடையில் தண்ணீர் மொண்டு வருவது, விறகு பிளப்பது, கழிவுநீரைக் கொண்டுபோய்க் கொட்டுவது எல்லாம் தங்குகிறவர் வேலை. கேஸ் அடுப்பும் பாத்திரமும் தலையணையும் போர்வையும் உண்டு. விரிப்பு மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும். முன்பதிவு செய்வது நல்லது. ஆனால் பதியாமல் வந்தவரையும் திருப்பி அனுப்புவதில்லை, தரையிலாவது மெத்தை போட்டுக் கொடுப்பார்கள்.

அலெஸ்யவுரே குடிலுக்கு நான் தொப்பலாக நனைந்து போய்ச் சேர்ந்தேன். அறையில் யாரும் இல்லை. முந்தைய நாள் தங்கியவர்கள் அடுப்போரம் விறகைச் சிராய் சிராயாகப் பிளந்து அடுக்கி, வாளி நிறையத் தண்ணீரும் வைத்திருந்தார்கள். தீக்குச்சி கிழிக்க வேண்டியதுதான் பாக்கி. முகம் தெரியாத அவர்கள்மேல் எவ்வளவு அன்பு பொங்கியது தெரியுமா!

தெயூசயவுரே ஏரியிலும் இதே கதைதான். அக்கரைக்கு ஒரு கிலோமீட்டர், மொத்தம் மூன்று துடுப்புப் படகுகள். இரண்டு கரையிலும் எப்போதும் ஒரு படகாவது நிற்க வேண்டும். நம் பக்கம் ஒன்றே ஒன்று இருந்தால் அதில் அக்கரை போய், அங்கிருந்து இன்னொன்றைக் கட்டி இழுத்து வந்து விட்டுவிட்டு, மறுபடி துடுப்புப் போட்டுப் போகணும். ஆக, மூன்று தடவை ஏரியைக் கடக்க வேண்டும். காவலுக்கு ஆள் கிடையாது, ஆனாலும் நடக்கிறது. காசு கொடுத்தால் மோட்டார் படகும் உண்டு; காற்று பலமாக இருந்தால் யோசிக்காமல் அதில் ஏறிவிடு.

பாதையைப் பொறுத்தவரை ஏற்றம் பயமில்லை, கல்தான் படுத்தும். மிக உயரமான ஷெக்ஷா கணவாயே 1,100 மீட்டர் சொச்சம்தான், ஆனால் அங்கே முழுக்கப் பாறைக்குவியல். சதுப்பில் பலகை போட்டிருக்கிறார்கள், நனைந்தால் வழுக்கும். கம்பத்தில் பெருக்கல் குறி மாதிரி சிவப்புக் குறி தெரிந்தால் அது பனிக்காலத் தடம், உறைந்த ஏரிமேல்கூடப் போகும். நாம் பார்க்க வேண்டியது சிவப்புப் பெயின்ட் பூசிய கற்களை. ஜூனில் பனி கிடக்கும், ஜூலையில் கொசு பிடுங்கும். ஆகஸ்ட் கடைசிதான் சரி.

பூட்ஸை இப்போதே வாங்கி, மருதமலைப் படியில் போட்டுப் பழக்கு. முழங்காலுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது. லீவு தேதி தெரிந்ததும் சொல், குடில்களுக்குப் பதிந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்