செயலாளரின் ஆண்டறிக்கை: கிடைத்தது, ஆனால் வாசிக்க முடியவில்லை

வட்டத்தின் அங்கத்தவர்களுக்கும், இந்த மழையிலும் வெள்ளவத்தை வரை வந்து சேர்ந்த நண்பர்களுக்கும் வணக்கம்.

வழமையான விடயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். போயா தினங்களில் கூடுவது என்ற முடிவின்படி 12 கூட்டங்கள் திட்டமிட்டோம், 10 நடந்தன. ஒன்று வெள்ளத்தால் நின்றது, மற்றதற்கு மண்டபம் கிடைக்கவில்லை. நிர்வாகக் குழுவில் மாற்றமில்லை. பண விபரத்தைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு ஒரே விடயத்தைச் சுற்றித்தான் ஓடியது என்பதால் நேராக அதற்கே வருகிறேன்.

ஆடி மாதக் கூட்டத்துக்கு முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்கும் ஒரு தங்கை வந்திருந்தார். விழிப்புலன் அற்றவர். தன் தலைப்பில் முன்னர் எழுதப்பட்ட இரண்டு தமிழ் ஆய்வேடுகளைத் தேடிக்கொண்டிருந்தார். நம்மில் இருவர் அங்கேயே தொலைபேசியில் தேடி, இரண்டும் பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் மின் களஞ்சியத்தில் இலவசமாக இருப்பதைக் கண்டுபிடித்து, அவருடைய மடிக்கணினிக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லோருக்கும் சந்தோசம். அவர் காதில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு சற்று நேரம் கேட்டுவிட்டு, "கிடைச்சிட்டுது அண்ணா, ஆனா என்னால வாசிக்க ஏலாது" என்றார்.

முதல் கோப்பு வெறும் படம். பக்கங்களை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கியிருந்தார்கள், அதற்குள் எழுத்தே இல்லை, ஆகவே திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானுக்குச் சொல்ல எதுவும் இல்லை. இரண்டாவது பாமினி எழுத்துருவில் ரைப் செய்யப்பட்டது. நம்மில் பாதிப்பேர் ஆண்டுக்கணக்காகப் பாமினியில்தான் ரைப் செய்தோம், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று அன்றைக்குத்தான் பலருக்கும் விளங்கியது. திரையில் 'அம்மா' என்று அழகாகத் தெரியும். கணினிக்குள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைகள். ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறோம், அவ்வளவுதான். திரைவாசிப்பான் போர்வையைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதை வாசிக்கிறது. முந்நூறு பக்கமும் அவருக்கு அப்படித்தான் கேட்டது. தேடுபொறிக்கும் இதே கதி: 'மலையகம்' என்று தேடினால் அந்த ஆய்வேட்டின் ஒரு பக்கம்கூட வராது, ஏனென்றால் அதற்குள் அந்தச் சொல்லே இல்லை.

இங்கேதான் நான் இந்த ஆண்டு படித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். திறந்த அணுக்கம் என்பதற்கு 2002இல் புடாபெஸ்ட் பிரகடனம் கொடுத்த விளக்கத்தில் இலவசமாக வாசிப்பது மட்டும் இல்லை. பதிவிறக்கலாம், பகிரலாம், அச்சிடலாம், அதோடு தேடுபொறி அட்டவணைப்படுத்தலாம், மென்பொருளுக்குத் தரவாகக் கொடுக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நம்முடைய பாமினி பிடிஎஃப் பாதிதான் திறந்திருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கோப்பை மேலேற்றிய நூலகர் இல்லாவிட்டால் அந்த ஆய்வேடு இன்னும் ஓர் அலுமாரிக்குள்தான் இருந்திருக்கும்.

புரட்டாதியில் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் வேலை செய்யும் நண்பர் வந்து பேசினார். ஆண்டின் மிகச் சிறந்த கூட்டம் அதுதான், இரவு ஒன்பது மணிக்கும் யாரும் எழும்பவில்லை. நூலகம் என்றால் புத்தகம் கொடுத்து வாங்கும் இடம் என்று நினைத்திருந்த நமக்கு, அங்கே நடக்கும் வேலையின் பெரும்பகுதி கண்ணில் படுவதே இல்லை என்று தெரிந்தது. எம்ஐடி பல்கலைக்கழகமும் எச்பி நிறுவனமும் 2002இல் வெளியிட்ட டீஸ்பேஸ் என்ற கட்டற்ற மென்பொருளில்தான் நம் பல்கலைக்கழகக் களஞ்சியங்கள் பல ஓடுகின்றன. மென்பொருளுக்குக் காசில்லை, ஆனால் ஒவ்வொரு ஆய்வேட்டுக்கும் தலைப்பு, ஆசிரியர், சுருக்கம், பொருள் சொற்கள் என்று ஒருவர் இருந்து நிரப்ப வேண்டும். தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் மட்டும் போட்டுவிட்டால் தமிழில் தேடுகிறவருக்கு அது கிடைக்காது. ஆய்விதழ்களுக்கும் இப்படித்தான். இலங்கை இதழ்கள் பலவற்றை இலவசமாக வாசிக்கத் தரும் இணையத்தளத்தைத் தேசிய விஞ்ஞான மன்றம் நடத்துகிறது, எழுதியவரிடமும் வாசிப்பவரிடமும் பணம் கேட்காமல் இதழ் நடத்த முடியும் என்பதற்கு அது நம் கண்முன் இருக்கும் சாட்சி.

ஏன் இது நமக்கு இவ்வளவு முக்கியம் என்றால், மற்ற வழி நம் கைக்கு எட்டாதது. பெயர்பெற்ற சர்வதேச இதழ் ஒன்று ஒரு கட்டுரையைத் திறந்த அணுக்கத்தில் வெளியிட 9,500 யூரோ என்று 2020இல் அறிவித்தது. சந்தாவும் டொலரில்தான். 2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியபோது நூலகத்தின் ரூபாய் ஒதுக்கீடு அதே இடத்தில் நின்றது, எந்த இதழை நிறுத்துவது என்று உட்கார்ந்து பட்டியல் போட்டதை அந்த நண்பர் சொன்னபோது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. அதோடு, பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுவோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் போலி இதழ்களும் இருக்கின்றன. நம் அங்கத்தவர் ஒருவரின் மகள் அப்படி ஒன்றில் காசு கொடுத்து ஏமாந்திருக்கிறார். தயவுசெய்து கட்டுரை அனுப்புமுன் உங்கள் பல்கலைக்கழக நூலகரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், இதைப் பார்த்துச் சொல்வதும் அவர்கள் வேலைதான்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? பாமினியிலிருந்து யூனிகோடுக்கு, அதாவது தமிழ் எழுத்தைக் கணினிக்குள்ளும் தமிழாகவே வைக்கும் முறைக்கு, மாற்றும் வேலையை ஐப்பசியில் தொடங்கினோம். வேர்ட் கோப்பு கையில் இருந்தால் எழுத்துரு மாற்றும் மென்பொருள் மூலம் வேலை சுலபமாக முடிகிறது, ஆங்கிலச் சொற்களும் அடிக்குறிப்பு எண்களும்தான் குழம்பும், அவற்றைக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். ஸ்கேன் பக்கங்கள் அப்படியல்ல. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருள் தமிழை இப்போது நன்றாகவே பிடிக்கிறது, ஆனால் பழைய அச்சில் வரும் னை, லை, றா வடிவங்களில் தடுமாறுகிறது, ஒரு பக்கத்தைத் திருத்த ஒரு தேநீர் குடிக்கும் நேரம் போய்விடும். அப்புறம் தலைப்புகளைத் தலைப்பு என்றே குறித்தல், அட்டவணையைப் படமாகப் போடாமல் அட்டவணையாகவே வைத்தல், வரைபடத்துக்குக் கீழே அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுதுதல். இந்தக் கடைசி வேலையை அந்தத் தங்கையே முன்னின்று பழக்கினார். அவருக்குத் தேவையான ஆய்வேடுகளில் ஒன்று மார்கழியில் முடிந்தது. மற்றது பாதியில் நிற்கிறது.

அனுமதி பற்றிப் பலர் கேட்டீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவரின் ஆயுளுக்கும் அதற்கு மேல் 70 ஆண்டுகளுக்கும் உரிமை உண்டு, ஆகவே கையில் கிடைத்ததையெல்லாம் இணையத்தில் போட முடியாது. முதல் ஆய்வேட்டை எழுதிய ஆசிரியரின் வீட்டுக்கு நானும் தலைவரும் போனோம். விடயத்தைச் சொன்னதும், மற்றவர்கள் பகிர முன்கூட்டியே அனுமதி கொடுக்கும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமப் பத்திரத்தில் கையெழுத்திட்டு, பழைய வேர்ட் கோப்பையும் தேடித் தந்தார். விழிப்புலனற்றோருக்கான வாசிக்கத்தக்க பிரதிகள் பற்றி 2013இல் மராகேஷ் உடன்படிக்கை உண்டானது, இலங்கையும் அதில் இணைந்திருக்கிறது. அதன் கீழ் நம்மைப் போன்ற சிறு வட்டம் எதுவரை போகலாம் என்று ஒரு சட்டத்தரணியிடம் கேட்பதாகத் தலைவர் பொறுப்பெடுத்திருக்கிறார்.

வரும் ஆண்டுக்கு ஒரு கோரிக்கை. உங்களிடமோ உங்கள் உறவினரிடமோ பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்த தமிழ் ஆய்வேட்டின் வேர்ட் கோப்பு, பழைய சீடியிலாவது, இருந்தால் கொண்டு வாருங்கள். அச்சுப் பிரதியை விட அது எங்களுக்குப் பெறுமதி. பிழை திருத்த மாதம் இரண்டு மணிநேரம் தரக்கூடியவர்கள் தேநீர் வேளையில் என்னிடம் பெயர் கொடுங்கள். பாதியில் நிற்கும் ஆய்வேட்டில் நான்காம் அத்தியாயத்திலிருந்து ஆள் தேவை, அந்தத் தங்கைக்குச் சமர்ப்பிக்கும் திகதி சித்திரையில் வருகிறது.

செயலாளர்