டீயை நிறுத்தி வைத்தவர்களுக்கும் பழைய ஸ்கேன் வட்டைத் தேடியவர்களுக்கும் நன்றி

மெதுவாக வளரும் லிம்போமாவோடு (நிணநீர்ப் புற்றுநோயோடு) வேலூருக்கு ஸ்கேன் எடுக்க வருகிறவர்களுக்குத் துணை நிற்கும் அனைவருக்கும் வணக்கம்.

முதல் நன்றி காந்தி ரோட்டு லாட்ஜ், மெஸ்காரர்களுக்கு. பெட் ஸ்கேனில் கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஊசியாகப் போட்டு, அதை அதிகம் இழுக்கும் இடம் படத்தில் ஒளிர்வதைப் பார்க்கிறார்கள். ஸ்கேனுக்கு முன் ஆறு மணி நேரம் வெறும் தண்ணீர்தான். சர்க்கரை போட்ட ஒரு டீ உள்ளே போனாலும் இன்சுலின் சுரந்து, ஊசிமருந்தைத் தசைக்கு இழுத்துவிடும். கட்டி மங்கலாகத் தெரியும். விடியற்காலையில் டீயோடு கதவைத் தட்டாமல் இருந்தீர்களே, அதுவே பெரிய உதவி. முந்தின நாள் ரத்தினகிரி படி ஏறக் கிளம்பியவர்களை, "ஸ்கேன் முடியட்டும்" என்று தடுத்த ஆட்டோக்காரர்களுக்கும் நன்றி. கடுமையாக உழைத்த தசையும் படத்தில் ஒளிரும்.

ரத்தச் சர்க்கரை 200-க்கு மேல் இருந்ததால் தேதியை மாற்றி, அதற்காகத் திட்டும் வாங்கிக்கொண்ட செவிலியர்களே, நீங்கள் செய்தது சரி. வெளியே வேலூர் வெயில் கொளுத்தும்போது போர்வை எதற்கு என்று சிரிப்பவர்கள் உண்டு. ஊசி போட்டு ஒரு மணி நேரம் ஏசி அறையில் குளிர்ந்து கிடந்தால் கழுத்திலுள்ள பழுப்புக் கொழுப்பு (உடலைச் சூடாக்கும் கொழுப்பு) ஒளிரும். பார்ப்பதற்கு நெறி கட்டியது போலவே இருக்கும். அந்தப் போர்வைக்கும் நன்றி.

படம் படிக்கும் மருத்துவர்களுக்குத்தான் கடினமான பங்கு. லிம்போமாவில் ஃபாலிகுலர் வகை பெரும்பாலும் நன்றாக ஒளிரும். மார்ஜினல் ஸோன், சிறு லிம்ஃபோசைட் வகைகள் மங்கலாகவே இருக்கலாம். அங்கே சி.டி. ஸ்கேனில் அளவெடுப்பதே வழி: நீளவாக்கில் 1.5 செ.மீ. தாண்டிய நிணநீர்க் கணுவைக் கவனிக்க வேண்டும். சிகிச்சைக்குப் பின் எவ்வளவு ஒளிர்கிறது என்பதற்கு 1 முதல் 5 வரை போடும் டோவில் (Deauville) மதிப்பெண் 1 முதல் 3 வரை என்றால் நிம்மதி. கல்லீரலைவிட அதிகம் ஒளிர்ந்தால் 4 அல்லது 5. பல இடங்களில் ஒன்று மட்டும் திடீரென்று பளிச்சென்றால், நோய் வேகமான வகையாக மாறியிருக்கலாம். பயாப்ஸி (சோதனைக்கான சதைத் துணுக்கு) அந்த இடத்தில்தான் எடுக்க வேண்டும். நம் ஊரில் காசநோய்க் கணுவும் அப்படியே ஒளிரும், ஆகவே படத்தை மட்டும் நம்பி முடிவு சொல்லாதவர்களுக்குத் தனி நன்றி.

கடைசி கீமோ முடிந்து ஆறு முதல் எட்டு வாரம், கதிர்வீச்சு முடிந்து மூன்று மாதம் பொறுக்கச் சொன்னவர்களையும், தொந்தரவே இல்லாதவருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு பெட் ஸ்கேன் வேண்டாம் என்று மறுத்தவர்களையும் அப்போது பலருக்குப் பிடிக்கவில்லை. சீக்கிரம் எடுத்தால் புண் ஆறும் வீக்கம் நோய்போலக் காட்டும் என்பதை வங்காளியிலும் இந்தியிலும் விளக்கிய தன்னார்வலர்கள்தான் அந்தக் கோபத்தைத் தணித்தார்கள்.

காட்பாடியில் இறங்கும்போதே பழைய ஸ்கேன் படங்கள் பதிந்த வட்டுகளைக் கேட்டு வாங்கி வைத்ததும் அவர்கள்தான். ஆண்டுக்கணக்கில் வளரும் கட்டிக்கு ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, பழைய படமும் புதிய படமும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும்.

ஊசிமருந்தின் கதிரியக்கம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். காலை 9 மணிக்குப் போட்டது இரவு 8 மணிக்கு அறுபதில் ஒரு பங்குகூட மிஞ்சாது. கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் மட்டும் அன்று பகல் சற்றுத் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டு, ஸ்கேன் முடிந்து வந்தவருக்கு முகம் சுளிக்காமல் சுடச்சுட இட்லி வைத்த மெஸ்காரர்களே, உங்களுக்கு இன்னொரு முறையும் நன்றி.