லென்ஸ் வாங்கி அனுப்ப வேண்டாம்

கல்லிடைக்குறிச்சி,
மார்கழி 11.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். ஆச்சிக்கு மட்டும் கூதல் தாங்கவில்லை. வெள்ளன எழுந்து தார்சாவில் உட்கார்ந்து மார்கழியைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். நேற்று ராத்திரிதான் வீடியோவில் பேசினோம் என்பதால் வேறு புதினம் ஒன்றும் கிடையாது.

ஒரே ஒரு பேச்சு பாக்கி. நான் பூச்சிகளைப் படம் எடுக்கிறதைப் பார்த்து, கிட்டே போய்ப் பெரிதாக எடுக்க மேக்ரோ லென்ஸ் வாங்கி அனுப்புகிறேன், அறுபதாயிரம்தான் ஆகும் என்றாய். வேண்டாம் என்றதும் உன் முகம் சுருங்கிவிட்டது. அப்பா காசு பார்க்கிறார் என்று நினைத்திருப்பாய். காசும் பார்த்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். மற்ற காரணத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் உங்கம்மா போனைப் பிடுங்கி பெரியம்மை வீட்டுச் சண்டையை ஆரம்பித்துவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ விட்டுப்போன நிக்கான் கேமராவின் 18-55 ஜூம் லென்ஸை மணிமுத்தாறு அருவியில் பாறைமேல் போட்டாயே, அதிலிருந்து அது தானாக ஃபோகஸ் பிடிக்காது. போன வருஷம் திருநெல்வேலியில் ஒரு கடையில் கொடுத்தேன். இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டு, "அண்ணாச்சி, இதுக்குச் செலவழிக்கதுக்குப் புதுசே வாங்கிரலாம்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு ஸ்க்ரூவின் தலையிலும் கீறல் இல்லையே. நாற்பது வருஷம் வாட்ச் திறந்தவனிடமா அந்தக் கதை? சரி, சவத்தை விடு என்று அலமாரியில் வைத்துவிட்டேன்.

என் வாட்ச் கடையை மூடினபிறகு சாமணமும், கண்ணில் வைத்து வாட்ச் பார்க்கிற ஐகிளாஸும் சும்மா கிடந்தன. பத்துப் பவர் ஐகிளாஸை போன் கேமராவுக்கு நேராக வைத்து, சைக்கிள் டியூபில் வெட்டின ரப்பர் வளையத்தால் கட்டிப் பார்த்தேன். பத்துப் பவர் என்றால் பொருள் ஒரு அங்குலத்துக்குப் பக்கத்தில் வரவேண்டும். வாட்ச் கிடந்த இடத்தில் கிடக்கும். வெட்டுக்கிளி கிடக்குமா? போன் நிழல் விழுந்ததுமே தாவிவிடும். ஆனாலும் கறிவேப்பிலைச் செடியில் ஒன்று அகப்பட்டது. இலைமேல் குருவி எச்சம் என்று உங்கம்மா தண்ணீர் ஊற்றிக் கழுவப் போனாள். ஐகிளாஸில் பார்த்தால் எச்சத்துக்குக் கால் இருக்கிறது. அழகுப் பட்டாம்பூச்சிப் புழு. சின்ன வயசில் எச்சம்போலக் கறுப்பும் வெள்ளையுமாகக் கிடந்து, வளர்ந்தபின் இலைப்பச்சை ஆகிவிடுகிறது. பச்சையான ஒன்றைத் துடைப்பக் குச்சியால் லேசாகத் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து செக்கச்செவேலென்று இரண்டு கொம்பு வெளியே வந்தது, ஒரு நாற்றத்தோடு. அன்றைக்குப் பிடித்த கோட்டிதான் இது.

அப்புறம்தான் உன் லென்ஸ் ஞாபகம் வந்தது. மலையைச் சின்னதாக்கி உள்ளே அனுப்புவது லென்ஸின் சோலி. அதையே முன்பின்னாகப் புரட்டி மாட்டினால் சின்னதைப் பெரிதாக்கி அனுப்பும். புரட்டினபிறகு கேமராவுக்கும் லென்ஸுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது, ஃபோகஸ் மோட்டார் செத்திருந்தால் என்ன, இருந்தால் என்ன? இங்கே ஸ்டுடியோக்காரத் தம்பியிடம் லென்ஸின் முன்னால் திருகி மாட்டுகிற, கண்ணாடி உடைந்த 52 மில்லிமீட்டர் ஃபில்டர் ஒன்று குப்பையில் கிடந்தது. அதன் வளையத்தை எடுத்துக்கொண்டேன். லென்ஸ் இல்லாதபோது கேமராவின் வாயை மூடுகிற பாடி கேப்பில் நடுவே வட்டமாக அறுத்து, பிசிறு தேய்த்து, வளையத்தை அரால்டைட் வைத்து ஒட்டி ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். மொத்தச் செலவு அரால்டைட் மட்டும்தான்.

ஒரு சிக்கல் வந்தது. லென்ஸின் பின்பக்கம் பொடி நெம்பு ஒன்று இருக்கிறது, பார்த்திருக்கிறாயா? அதைத் தள்ளினால்தான் உள்ளே இருக்கிற துவாரம் விரியும். கேமராவில் மாட்டியிருந்தால் கேமரா தள்ளும். புரட்டிப் போட்டதும் தள்ள ஆளில்லாமல் துவாரம் ஊசிமுனையாகச் சுருங்கி எல்லாம் இருட்டு. வாட்ச்காரனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? தீப்பெட்டி அட்டையில் கீற்று வெட்டி, நெம்பு பாதி வழியில் நிற்கிற மாதிரி ஆப்பு வைத்தேன். முழுக்கத் திறந்தால் பூச்சியின் மீசை தெளிவாக இருக்கும், முகம் கலங்கும். முழுக்க மூடினால் வெளிச்சமும் போகும், படமும் மொத்தமாக மழுங்கும். பாதிதான் கணக்கு.

இதில் எல்லாமே தலைகீழ். ஜூமை 55-க்குத் திருப்பினால் உருவம் சின்னதாகும், 18-க்குத் திருப்பினால் பெரிதாகும். எவ்வளவு பெரிது என்று ஸ்டீல் ஸ்கேலைப் படம் எடுத்து எண்ணினேன். 18-இல் படத்தின் அகலத்துக்கு எட்டு மில்லிமீட்டர்தான் தெரிந்தது. கேமராவுக்கு உள்ளே படம் விழுகிற சென்சாரின் அகலம் 23 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கிட்டத்தட்ட மூன்று மடங்கு!

அந்த அளவில் தெளிவாக விழும் ஆழம் கால் மில்லிமீட்டர்கூட வராது. வளையத்தைத் திருப்பி ஃபோகஸ் பண்ணவே முடியாது, கேமராவோடு நம் உடம்புதான் முன்னும் பின்னும் அசையவேண்டும். இடது கையில் ஒரு மூங்கில் குச்சியைத் தரையில் ஊன்றி, அதே கையின் மேல் லென்ஸைத் தாங்கிக்கொள்கிறேன். மூச்சை வெளியே விட்டுவிட்டு, அடுத்த மூச்சு இழுப்பதற்கு முன்னால் அமுக்கவேண்டும். ஹெச்.எம்.டி. ஜனதா வாட்சில் ஹேர்ஸ்பிரிங் வைக்கும்போது பக்கத்தில் நின்று நீ பேசினால் அப்பா பதிலே சொல்ல மாட்டேனே, அந்த மூச்சுதான். நாற்பது படத்தில் ஒன்று தேறினால் அன்றைக்கு நல்ல நாள்.

வெளிச்சத்தின் கதை தனி. பூச்சிக்கும் லென்ஸுக்கும் ஒன்றரை அங்குலம்தான் இடைவெளி, கேமரா ஃபிளாஷ் அடித்தால் லென்ஸின் நிழலே பூச்சிமேல் விழும். நீண்ட அட்டைப்பெட்டி ஒன்று வேண்டியிருந்தது. வீட்டில் இருந்தது அல்வா பெட்டி. உள்ளே சிப்ஸ் பாக்கெட்டின் வெள்ளிப் பக்கத்தை ஒட்டி, முகப்பில் அல்வாவோடு வந்த பட்டர் பேப்பரையே கட்டி, ஃபிளாஷ் மேல் தொப்பி மாதிரிச் செருகினேன். அருமையான வெளிச்சம், பளபளப்பே இல்லாமல் பால்போல விழுந்தது. மறுநாள் காலையில் கேமராவை எடுத்தால் பட்டன் சந்து எல்லாம் எறும்பு! நெய் வாசனைக்கு ராத்திரியே வந்துவிட்டன. எடுக்கப்போன பூச்சி வீட்டுக்கே வந்தது என்று ஆச்சி சிரித்தாள். ஒவ்வொன்றாகச் சாமணத்தில் எடுத்துவிட ஒரு மணி நேரம் ஆயிற்று. இப்போது புது பட்டர் பேப்பர், புதுப் பெட்டி.

பூச்சியை ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் அசையாது என்று ஸ்டுடியோத் தம்பி சொன்னான். எனக்கு மனசு ஒப்பவில்லை. மார்கழியில் அதற்குத் தேவையும் இல்லை. கோயில் ரேடியோ பாட ஆரம்பிக்கிற நேரத்தில் வயக்காட்டு வரப்புக்குப் போனால் பிசானப் பயிரின் தாளில் ஊசித்தட்டான்கள் பனியில் நனைந்து அப்படியே தொங்குகின்றன. வெயில் ஏறி உடம்பு சூடானால்தான் பறக்கும். அதுவரை நம்மோடு சேர்ந்து அதுவும் நடுங்கும். உனக்கு அனுப்பினேனே, கண்மேல் பனித்துளி நிற்கிற படம், அது போன வெள்ளிக்கிழமை எடுத்தது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். புறவாசல் மாமரத்து முசுறு எறும்புக் கூடு உனக்குத் தெரியும், அதன் கடியும் தெரியும். மூன்று வாரமாக அந்த முசுறுகளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் லென்ஸை ஒரு முசுறுக்குக் கிட்டே கொண்டுபோனேன். மற்றதென்றால் எதிர்த்து நின்று வாயைத் திறக்கும். இது இலைக்கு அடியில் ஓடியது. விடாமல் இலையைப் புரட்டினேன். பொத்தென்று விழுந்து பாதியில் நின்றது, நூலில்! முசுறுக்கு நூல் ஏது? கூடு தைக்கிற நூல்கூட அதன் புழுவிடமிருந்துதான் வருகிறது. உள்ளே வந்து கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கினேன். கால் எட்டு. முன்னங்கால் இரண்டையும் மீசைபோலத் தூக்கி ஆட்டிக்கொண்டிருக்கிறது. முன்னால் காரின் ஹெட்லைட் மாதிரி இரண்டு பெரிய கண், ஓரத்தில் சின்னக் கண்கள். முசுறின் கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கறுப்புத் திட்டு. நிறம் அதே செம்பழுப்பு, இடுப்புகூட அதேபோல ஒடுங்கி. முசுறு வேஷம் போட்ட சிலந்தி அது. முசுறுக் கடிக்குப் பயந்து மற்ற பிராணிகள் ஒதுங்கிப் போகுமே, அந்த மரியாதையை இது கடிக்காமலே வாங்கிக்கொள்கிறது. நிஜ முசுறு பக்கத்தில் வந்தாலோ ஒதுங்கி ஓடுகிறது.

ஆண் சிலந்தி இன்னும் மோசம். தாடை முன்னால் நீண்டு, நுனி பருத்து, ஒரு முசுறு இன்னொரு சின்ன முசுறைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரியே இருக்கும். டூப்ளிகேட் வாட்சை டயலைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பெருமை அடித்தவன் நான். மூன்று வாரம் என் வீட்டு மரத்திலேயே என்னை ஏமாற்றியிருக்கிறது! பழைய படங்களைத் திரும்பப் பார்த்தேன், அதில் இரண்டு படத்தில் அதுதான்.

நீ இருக்கிற நெதர்லாந்து டெல்ஃப்டில் ஒரு ஜவுளிக்காரர் இருந்தாராம், ஆண்டனி வான் லூவன்ஹூக். உனக்குத் தெரிந்திருக்கும். 1632-இல் அங்கே பிறந்து 1723-இல் அங்கேயே இறந்தவர், உங்கள் ஊர்ப் பழைய தேவாலயத்தில்தான் அடக்கம். ஜவுளிக்காரர்கள் இழை பார்க்கிற கண்ணாடியில் ஆரம்பித்து, தானே பொடி லென்ஸ் செய்து, பித்தளைத் தகட்டில் பதித்து, 200 மடங்குக்கு மேலேகூடப் பெரிதாக்கினார். பூச்சியை ஊசிமுனையில் வைத்து ஸ்க்ரூவைத் திருகித்தான் ஃபோகஸ் பண்ணினார் என்று படித்ததும் எனக்கு அவர் பக்கத்துக் கடைக்காரர் ஆகிவிட்டார். 1673-இல் லண்டன் ராயல் சொசைட்டி என்கிற விஞ்ஞானிகள் சங்கத்துக்குப் போன அவருடைய முதல் கடிதத்தில் இருந்ததும் பூஞ்சை, தேனீயின் கொடுக்கு, பேன் இவைதான். லத்தீன் தெரியாது, டச்சிலேயே எழுதினார். ஞாயிற்றுக்கிழமை நேரமிருந்தால் அந்தத் தேவாலயத்துக்குப் போய் அவர் கல்லைப் படம் எடுத்து அனுப்பு.

அறுபதாயிரம் ரூபாய் லென்ஸ் வந்தால் அதை நான் திறக்க மாட்டேன் மக்கா. கீறல் விழுந்துவிடுமோ என்று உறையிலேயே வைத்திருப்பேன். முள்ளுக்குள் நீட்ட மாட்டேன், முசுறு ஏறவிட மாட்டேன். அதில் படம் நன்றாக வரும், தெரியும். உன் உடைந்த லென்ஸ்தான் எனக்குச் சரி. ராத்திரி அதைக் கழற்றித் தூசி தட்டி மாட்டுகிறேன். நீ தீப்பெட்டியில் குழியானை வளர்த்த மேஜைதான் இப்போது என் பட்டறை.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வருகிறேன் என்றாயே, லீவு சொல்லிவிட்டாயா? அடுத்தது பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றை லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் வைக்கப் போகிறேன், உருவம் இன்னும் பெரிதாகும். அதற்கு இன்னொரு பாடி கேப் வேண்டும். அங்கே நீ செகண்ட் ஹேண்டில் வாங்கின கேமராவுக்கும் லென்ஸ் மாட்டுகிற மவுண்ட் இதேதானே? அதன் பாடி கேப் டப்பாவில் சும்மா கிடந்தால் எடுத்து வா. ஓட்டை போடுவேன், திருப்பித் தர மாட்டேன்.

அன்புடன்,
அப்பா