திருமலைப் பிள்ளை சாலையில் என் தந்தைக்குக் கண்ணாக இருந்தவருக்கு

தியாகராய நகர், திருமலைப் பிள்ளை சாலையிலுள்ள பெருந்தலைவர் காமராசர் நினைவு இல்லத்தில், பார்வை மங்கிய என் தந்தையின் அருகே நின்று, படங்களின் கீழிருந்த குறிப்புகளை நிதானமாக வாசித்துக் காட்டி, பெயர்கூடச் சொல்லாமல் விடைபெற்ற ஐயாவுக்கு என் உளமார்ந்த நன்றி. 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தவர், வாடகைக்குக் குடியிருந்த இதே வீட்டில்தான் 1975 அக்டோபர் 2 அன்று காலமானார் என்று தாங்கள் சொன்னபோது, பள்ளியில் மதிய உணவு உண்டு படித்தவரான என் தந்தை, தங்கள் கையை இறுகப் பற்றிக்கொண்டு வெகுநேரம் விடவே இல்லை. தாங்களும் அவசரப்படுத்தவில்லை, அவர் மீண்டும் கேட்ட வரிகளை முகம் சுளிக்காமல் மீண்டும் வாசித்தீர்கள். அந்தப் பொறுமை பெரிது. இப்பதிவு தங்கள் கண்ணில் பட்டால், அவசியம் ஒருநாள் வீட்டிற்கு வர வேண்டும் என்று அப்பா சொல்லச் சொன்னார்.