ஆன்லைனில் குழந்தை வளர்ச்சி ஸ்கிரீனிங் பயிற்சி: தோழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சரோஜா,

உன் கடிதமும் பயிற்சி நிரலும் கிடைத்தன. நாற்பது பேர், இரண்டு முழு நாள், எண்பது ஸ்லைடு! முதல் நாள் மதியமே பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். அதையே ஒன்றரை மணி நேரம் வீதம் நான்கு அமர்வாக, வாரத்துக்கு ஒன்றாகப் பிரித்துப் போடு. இடையில் வரும் வாரங்களில் ஒவ்வொருவரும் ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு வினாத்தாளை நிரப்பி, பெயரை மறைத்துக் கொண்டுவரட்டும். ஆன்லைனில் நடத்துவதால் கிடைக்கும் பெரிய லாபம் இந்த இடைவெளிதான்.

மூளை வளர்ச்சி பற்றிய ஸ்லைடுகளைப் பாதியாக்கி, அந்த நேரத்தை வயதுக் கணக்குக்குக் கொடு. சிரிக்காதே. பெற்றோர் பதில் சொல்லும் குழந்தை வளர்ச்சி வினாத்தாள் தொகுப்பான ஏ.எஸ்.க்யூ-3இல் 2 மாதம் முதல் 60 மாதம் வரை 21 வினாத்தாள்கள். தாளை மாற்றி எடுத்துவிட்டால், பிறகு எவ்வளவு கவனமாகக் கூட்டினாலும் வீண். இந்தக் கணக்கைக் கொடுத்துப் பார்: பிறந்த நாள் 2024 நவம்பர் 20, ஆறு வாரம் முந்திப் பிறந்த குழந்தை, பார்க்கும் நாள் 2026 மார்ச் 5. மாதத்துக்கு 30 நாள் என்று வைத்து நேராகக் கழித்தால் 15 மாதம் 15 நாள். 16 மாதத் தாளை எடுப்பார்கள். பிறந்திருக்க வேண்டிய நாளோ 2025 ஜனவரி 1. அதிலிருந்து எண்ணினால் 14 மாதம் 4 நாள். 14 மாதத் தாள்தான் சரி. மூன்று வாரமோ அதற்கு மேலோ முந்திப் பிறந்திருந்தால் 24 மாதம் வரை இப்படித் திருத்த வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். கேள்வியைக் கேட்பதில்தான் சறுக்குவார்கள். "குறைமாதமா?" என்றால் 36 வாரத்தில் பெற்ற அம்மாகூட "இல்லையே" என்பார். "எத்தனையாவது வாரத்தில் பிறந்தது?" என்று கேட்கப் பழக்கு.

மதிப்பெண் போடுவது எளிது: பேச்சு, உடலசைவு போன்ற ஒவ்வொரு பகுதிக்கும் ஆறு கேள்வி, 'ஆம்' 10, 'சில நேரம்' 5, 'இன்னும் இல்லை' 0. விடுபட்ட கேள்விக்கும் 0 போட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை. ஐந்து கேள்விக்கு 35 வந்து ஒன்று காலியாக இருந்தால், சராசரி 7ஐச் சேர்த்து 42. ஒரு பகுதியில் இரண்டு வரை இப்படி நிரப்பலாம். மூன்று காலியாக இருந்தால் அந்தப் பகுதிக்கு மதிப்பெண்ணே போடக்கூடாது. பெற்றோரிடம் திரும்பக் கேட்க வேண்டியதுதான். கடைசிப் பக்கத்தில் மதிப்பெண் இல்லாத கேள்விகள் உண்டே, அவற்றையும் தாண்டிப் போக விடாதே. "முன்பு பேசிய சொற்களை இப்போது சொல்வதில்லை" என்று ஒரு வரி அங்கே இருந்தால், கூட்டுத்தொகை எப்படி இருந்தாலும் மேல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

ஆட்டிசத்துக்கான ஸ்கிரீனிங் வினாத்தாளான எம்-சாட்-ஆரில் பொறி வேறு இடத்தில். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான 20 கேள்விகளில் 2, 5, 12 மூன்றுக்கு மட்டும் 'ஆம்' என்பதுதான் கவலைக்குரிய பதில், மற்றவற்றுக்கு 'இல்லை'. மறந்து எல்லா 'இல்லை'யையும் கூட்டினால், எந்தக் கவலையும் இல்லாத குழந்தைக்கும் 3 வந்து நடுத்தர வரம்புக்குள் விழும். 5 வர வேண்டிய குழந்தை 2 வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். 3 முதல் 7 வரை வந்தால் தொடர் நேர்காணல் நடத்த வேண்டும். அதில் கவலைக்குரிய பதில் வந்த கேள்விகளை மட்டும் விரித்துக் கேட்டு, 2 அல்லது மேல் நின்றால் மேல் பரிசோதனைக்குப் பரிந்துரை. 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேர்காணலுக்குக் காத்திராமல் நேரே பரிந்துரை. இந்த நேர்காணலை நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அப்புறம் "இந்தக் கருவி எல்லாரையும் பிடிக்கிறது" என்று கருவியின் மேல் பழி!

வீடியோ காட்டும்போது ஒரு எச்சரிக்கை. கேட்பதற்காக விரல் நீட்டுவதும் காட்டுவதற்காக நீட்டுவதும் வேறு வேறு. மேலே போகும் விமானத்தைச் சுட்டிவிட்டு, குழந்தை சட்டென்று திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்க்கிறதே, அந்த அரை நொடிப் பார்வையில்தான் விஷயமே இருக்கிறது. திரைப் பகிர்வில் இணையம் திக்கினால் முதலில் தொலைவது அதுதான். அதனால் காட்சிகளை முன்கூட்டியே கோப்பாக அனுப்பி, அவரவர் கணினியில் ஓட்டச் சொல். பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாத காட்சி வேண்டவே வேண்டாம். குழந்தை விரல்களால் செய்யும் வேலையை நீயே செய்துகாட்டுவதாக இருந்தால், கேமராவை மேசைக்கு மேலிருந்து கீழே பார்க்குமாறு வை. முகத்துக்கு நேரே வைத்தால், சிறு துணுக்கை உள்ளங்கையால் வாரி எடுப்பதற்கும் இரு விரல் நுனியால் கிள்ளி எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் தெரியாது.

பேசிப் பழக, மூன்று மூன்று பேராகப் பிரேக்-அவுட் அறையில் (ஆன்லைன் கூட்டத்துக்குள் சிறு குழுக்களுக்கான தனி அறை) விடு: ஒருவர் பெற்றோர், ஒருவர் கேட்பவர், ஒருவர் மைக்கை அணைத்துவிட்டுக் குறிப்பெடுப்பவர். பதினைந்து நிமிடம், பிறகு இடம் மாற்று. "குழந்தை படி ஏறுமா?" என்றால் "இல்லை" என்று வரும். ஏறத் தெரியவில்லையா, வீட்டில் படியே இல்லையா, விழுந்துவிடும் என்று விடவில்லையா? செய்ய வாய்ப்பே கிடைக்காததை 'இன்னும் இல்லை' என்று குறிக்கும் முன், செய்யவிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டு மொழி புழங்கும் வீடு என்றால் இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ணட்டும்.

பெற்றோரிடம் முடிவு சொல்லும் பயிற்சிக்குத் தனி அமர்வே ஒதுக்கலாம். 'பாஸ்', 'ஃபெயில்', 'நார்மல்' மூன்றையும் தடை செய். "பேச்சுப் பகுதியில் இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது, முதலில் காது கேட்கும் பரிசோதனை செய்துவிடுவோம்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளச் சொல், அம்மா பேசுவார். இந்த மௌனத்தைத்தான் ஆன்லைனில் யாராலும் தாங்க முடிவதில்லை, இணைப்பு போய்விட்டது என்று நினைத்து "ஹலோ, கேட்குதா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

கடைசியில் பத்துக் கேள்வித் தேர்வு வைத்திருக்கிறாய். அதற்குப் பதில், நிரப்பிய ஒரே தாளை எல்லாருக்கும் கொடுத்துத் தனித்தனியே மதிப்பெண் போடச் சொல். யார் எங்கே விலகுகிறார்கள் என்று பார். இரண்டு மாதம் கழித்து ஆளுக்கு ஐந்து தாள் வாங்கி, பிறந்த தேதி, திருத்திய வயது, கூட்டல், பரிந்துரை நான்கையும் சரிபார். பரிந்துரைக்கும் குழந்தைகளை எங்கே அனுப்புவது என்ற பட்டியல் முதல் அமர்வுக்கு முன்பே தயாராக இருக்கட்டும். அது இல்லையென்றால் தேதியைத் தள்ளிப் போடு.

அன்புடன்,
மீனாட்சி