ஓடும் நேரம் குறைந்தால் வெட்டியதாக ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1930களின் மலிவு பிரிட்டிஷ் கொலைப் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் 66 நிமிடப் படம் டிவிடியில் 63 நிமிடமே ஓடுவதால், மூன்று நிமிடத்தைத் தணிக்கையினர் வெட்டிவிட்டார்கள் என்று அதில் எழுதியிருப்பது சரியல்ல.

திரையரங்கில் பேசும்படச் சுருள் நொடிக்கு 24 பிரேம் (தனித்தனிப் படச்சட்டம்) ஓடும். ஐரோப்பாவின் 'பால்' (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் அமைந்த டிவிடியில் அதே பிரேம்கள் நொடிக்கு 25 வீதம் ஓடுகின்றன. 66 நிமிடம் 63 நிமிடம் 22 நொடியாகச் சுருங்கும். ஒரு பிரேம்கூடத் தொலைவதில்லை. சுருதி திருத்தப்படாத டிவிடியில் குரல்கள் சற்றே கீச்சென்று ஒலிப்பதற்கும் இதுவே காரணம். டிவிடி நேரத்தை 25ஆல் பெருக்கி 24ஆல் வகுத்தால் அசல் நேரம் கிடைத்துவிடும். வேறு முறையில் அமைந்த அமெரிக்க டிவிடியானாலும் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. பால் பிரதியிலிருந்து மாற்றியிருந்தால் வேகம் அப்படியே தங்கிவிடும்.

அந்த 66 நிமிடத்துக்கும் காரணம் உண்டு. பிரிட்டனின் 1927ஆம் ஆண்டுச் சட்டம் உள்நாட்டுப் படங்களுக்கு ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கியது. அமெரிக்க விநியோக நிறுவனங்கள் கணக்குக் காட்டுவதற்காக, அடிக்கு ஒரு பவுண்டு செலவில், 6,000 அடியை ஒட்டிப் படங்களை எடுக்கவைத்தன. 35 மி.மீ. சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், வகுத்துப் பாருங்கள். இயக்குநர் மைக்கேல் பவல் 1936இல் வார்னர் நிறுவனத்துக்காக டெடிங்டன் ஸ்டுடியோவில் எடுத்த 'கிரவுன் வி. ஸ்டீவன்ஸ்' படத்தின் நீளமும் 66 நிமிடம்தான்.

உண்மையாகவே பிரேம் போன இடத்தைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. 1,000 அடிச் சுருள் 11 நிமிடம் ஓடும். அதன் தொடக்கமும் முடிவும்தான் அதிகம் தேயும். ஆகவே அசல் நேரக் கணக்கில் 11, 22, 33 என்று அந்த நிமிடங்களை ஒட்டிய இடங்களைக் கவனியுங்கள். திரையரங்கில் ஓட்டும் பிரதியான பிரிண்டில் ஒரு காட்சிக்குரிய ஒலி, படத்துக்குச் சுமார் 20 பிரேம் முன்னால் பதிவாகியிருக்கும். அறுந்த பிரிண்டை ஒட்டியிருந்தால் முதலில் படம் துள்ளும், ஒரு நொடிக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் வசனம் துள்ளும். இரண்டும் ஒரே கணத்தில் துள்ளினால், அந்த வெட்டு பிரிண்டில் நேர்ந்ததல்ல. எடிட்டிங்கிலோ டிஜிட்டல் பிரதி எடுக்கும்போதோ விழுந்தது.

கொலைப்பழி சுமப்பவனின் கதையில், அன்றிரவு அவன் எங்கே இருந்தான் என்ற ஒரு வரி போனாலும் கதையே புரண்டுவிடும். எனவே இனி படத்தின் நேரத்தைப் போடும்போது, அது எந்த முறை டிவிடியில் அளந்தது என்பதையும் சேர்த்துப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கோவை